கீமோவுக்குப் பின் வரும் மறதிக்கு ஒரு சிகிச்சைப் பிரிவு: கோவையில் நான் பெற்ற சேவை

கோவை அவிநாசி சாலையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில், புற்றுநோய் சிகிச்சை முடித்தவர்களுக்கு வரும் மறதி, கவனக் குறைவு, யோசனை மந்தம் ஆகியவற்றை அளந்து பார்த்துப் பயிற்சி கொடுக்கும் பிரிவு ஒன்று நடக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ முடித்த பிறகு அங்கே சென்று, மதிப்பீடு, பயிற்சி, மறுமதிப்பீடு மூன்றையும் முடித்தவள் என்ற முறையில் இந்த விமர்சனத்தை எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப் போவதால் மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடவில்லை. திருப்பூர், ஈரோடு, கோபி, பொள்ளாச்சி, கரூர் பக்கமிருந்து இப்படியொரு சேவையைத் தேடுகிறவர்கள், எங்கே போனாலும் எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதற்குப் பணம் செலவிடலாம் என்பதைத் தெரிந்துகொள்ள இது உதவினால் போதும்.

நான் திருப்பூரில் ஏற்றுமதிப் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். நிட்டிங், சாயம், காம்பாக்டிங் என்று துணி வெளியே போய்த் திரும்பும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு டெலிவரி சலான் வரும். அதில் லாட் நம்பர், ரோல் எண்ணிக்கை, கிலோ ஆகிய மூன்றும் இருக்கும். சலானை ஒரு தடவை பார்த்துவிட்டு மூன்றையும் டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றுவது எனக்குப் பல வருடப் பழக்கம். கீமோ முடிந்து வேலைக்குத் திரும்பியபோது, சலானிலிருந்து கண்ணை எடுத்துக் கம்ப்யூட்டர் திரைக்குக் கொண்டு போவதற்குள் லாட் நம்பர் போய்விட்டது. திரும்பிப் பார்த்து நம்பரைப் பிடித்தால் கிலோ போய்விடும். சனிக்கிழமை சம்பளத்துக்குப் பீஸ் ரேட் போட்டுக்கொண்டிருக்கும்போது டெய்லர் யாராவது வந்து முன்பணம் கேட்டால், அவருக்குப் பதில் சொல்லி அனுப்பிய பிறகு எந்த வரியில் விட்டேன் என்பது தெரியாமல் மேலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. மண்டைக்குள் பஞ்சை அடைத்து வைத்தது போன்ற அந்த நிலைக்கு மருத்துவர்கள் கீமோ பிரெய்ன் என்று பெயர் சொல்கிறார்கள் என்பதே எனக்கு வெகு தாமதமாகத்தான் தெரிய வந்தது.

தாமதமாகத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. நான் கீமோ எடுத்தது வேறொரு மருத்துவமனையில். தொடங்கும் முன் கையெழுத்து வாங்கிய படிவத்தில் முடி கொட்டுவது, வாந்தி, வாய்ப்புண், வெள்ளணுக் குறைவு, விரல் மரத்துப் போவது எல்லாம் அச்சிடப்பட்டிருந்தன. மறதியைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. பிறகு பரிசோதனைக்குப் போனபோது இதைச் சொன்னதற்கு, "டென்ஷன்தானுங்க, போகப் போகச் சரியாயிரும்" என்று ஒரே வாக்கியத்தில் அனுப்பிவிட்டார்கள். அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 581 பேரைப் புற்றுநோய் இல்லாத 364 பேரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கீமோவுக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் தங்கள் சிந்தனைத் திறன் குறிப்பிடத்தக்க அளவு குறைந்துவிட்டதாகக் கீமோ முடிந்து ஆறு மாதம் ஆன பிறகும் 36.5 சதவீதம் பேர் தெரிவித்தார்கள். புற்றுநோய் இல்லாதவர்களில் அதே இடைவெளியில் அப்படித் தெரிவித்தவர்கள் 13.6 சதவீதம் மட்டுமே. மூன்றில் ஒருவருக்கு வரக்கூடிய ஒன்றைப் படிவத்தில் ஒரு வரியாகக் கூடச் சேர்க்காமல் விடுவது சரியில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இந்தப் பிரிவின் முதல் சிறப்பு, அவர்கள் உடனே பரிசோதனைத் தாளை எடுத்து நீட்டாததுதான். நினைவு, கவனம் போன்ற மூளைத் திறன்களைச் சோதிக்கும் நியூரோ சைக்காலஜிஸ்ட் ஒருவரும் மருத்துவர் ஒருவரும் சேர்ந்து பார்க்கிறார்கள். சைக்காலஜிஸ்ட் வயதில் சின்னவர். "அக்கா, மறதின்னு பொதுவாச் சொல்லாதீங்க, வேலையில எந்த இடத்துல விட்டுப்போகுதுன்னு சொல்லுங்க" என்று கேட்டு, நான் சொன்ன சலான் விஷயத்தை அப்படியே எழுதிக்கொண்டார். அதன் பிறகு மருத்துவர் என் கோப்பு முழுவதையும் பார்த்தார். சிவப்பு மருந்து என்று நாம் சொல்லும் அட்ரியாமைசினும் சைக்ளோபாஸ்பமைடும் முதலில், பேக்ளிடாக்சல் பின்னால், இப்போது தினமும் டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை என்று வரிசையாகக் குறித்துக்கொண்டார். ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, வைட்டமின் டி, சர்க்கரை ஆகியவற்றுக்கு ரத்தம் எடுத்தார்கள். இரவில் எத்தனை முறை வியர்த்து விழிக்கிறேன், மனம் எப்படி இருக்கிறது, என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறேன் என்பதைத் தனித்தனியாகக் கேட்டார்கள்.

இதில் இரண்டு விஷயங்கள் வெளிவந்தன. ரத்தம் குறைந்திருந்தது என்பது ஒன்று. மற்றொன்று, பேக்ளிடாக்சலால் கால் விரல் மரத்துப் போனதற்காக நான் காலையும் இரவும் சாப்பிட்டு வந்த பிரிகாபலின் மாத்திரை, பகலில் தூக்கக் கலக்கத்தையும் கவனச் சிதறலையும் கொடுக்கக்கூடிய மருந்து. என் ஆன்காலஜி (புற்றுநோய்) டாக்டருக்கு அவர்களே கடிதம் கொடுத்தார்கள். அவர் காலை மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து இரவுக்கு மட்டும் வைத்தார். வேறு எந்தப் பயிற்சியும் தொடங்காத நிலையிலேயே காலை நேரம் ஓரளவு தெளிந்தது. மறதிக்கென்று போகிறவர்களிடம் முதலில் மருந்துச் சீட்டைத்தான் பார்க்க வேண்டும் என்பதை நடைமுறையில் காட்டிய ஒரே காரணத்துக்காகவே இந்தப் பிரிவைப் பரிந்துரைப்பேன்.

காரணத்தைப் பற்றி மருத்துவர் சொன்னதும் நியாயமாக இருந்தது. அட்ரியாமைசின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு அதைப் பெரும்பாலும் நிறுத்திவிடுகிறது. ஆனால் அந்த மருந்து உடலில் கிளப்பிவிடும் அழற்சிப் பொருள்கள் மூளையைப் பாதிக்கக்கூடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மெத்தோட்ரெக்சேட், ஃபுளோரோயுராசில் போன்ற மருந்துகள் மூளைக்குள்ளேயே செல்லக்கூடியவை. இவை தவிர அறுவை சிகிச்சை, மயக்க மருந்து, ஹார்மோன் மாற்றம், தூக்கமின்மை, பயம் எல்லாம் சேர்கின்றன. முதல் டிரிப் ஏறுவதற்கு முன்பே சில நோயாளிகளின் சோதனை மதிப்பெண் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பதும் பதிவாகியிருக்கிறது. எல்லாப் பழியையும் கீமோவின் மீது போட்டுவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள், சரிசெய்யக்கூடிய பங்கு எவ்வளவு என்று முதலில் பார்ப்போம் என்பதே அவருடைய பேச்சின் சாரம்.

மதிப்பீட்டுக்கு முற்பகல் முழுவதும் ஆனது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2004இல் வெளியிட்ட நரம்பு உளவியல் சோதனைத் தொகுப்பிலிருந்து தேர்ந்தெடுத்துச் செய்தார்கள். வயது, படிப்பு, ஆணா பெண்ணா என்பதை வைத்து இந்தியர்களிடமே எடுத்த அளவுகள் அதில் இருப்பதால், வெளிநாட்டு அட்டவணையில் நம்மைப் பொருத்திப் பார்க்க வேண்டியதில்லை. முப்பது மதிப்பெண் கொண்ட மோகா போன்ற சுருக்கச் சோதனையை மட்டும் செய்துவிட்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று அனுப்பும் இடங்களைப் பற்றிச் சக நோயாளிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தச் சோதனை முதுமை மறதியின் தொடக்க நிலையைச் சலித்தெடுக்க உருவானது. கீமோவுக்குப் பின் வரும் லேசான மந்தம் அதில் பிடிபடாமல் போவதற்கு வாய்ப்பு அதிகம். விரிவான சோதனைதான் செய்கிறார்களா என்பதைப் பணம் கட்டும் முன் கேட்டுவிட வேண்டும்.

சோதனைகளில் இரண்டு என் நினைவில் நிற்கின்றன. முதலாவது, தாள் நிறைய நெருக்கி அச்சிட்ட எண்களுக்குள் 6, 9 ஆகிய இரண்டை மட்டும் தேடி அடிக்க வேண்டும். எண்களோடு வாழ்கிறவள் என்பதால் இது எளிதாக முடிந்துவிடும் என்று எண்ணித்தான் பென்சிலை எடுத்தேன். வரிசைக்குக் கீழே இடது ஆள்காட்டி விரலை வைத்து நகர்த்தாமல் என்னால் போக முடியவில்லை. பாதித் தாளுக்கு மேல் ஒவ்வோர் 8ஐயும் உற்றுப் பார்த்து அது 6 இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு தாண்டினேன். எதிரே சைக்காலஜிஸ்ட் ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்தபடி ஒன்றும் பேசாமல் இருந்தார். முடிவில் தவறுகள் மிகக் குறைவு, எடுத்துக்கொண்ட நேரம் மிக அதிகம். இரண்டாவது, பதினைந்து சொற்கள் கொண்ட பட்டியலை ஐந்து முறை வாசித்து ஒவ்வொரு முறையும் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். நடுவே வேறொரு பட்டியலைக் கொடுத்துக் குழப்பினார்கள். வெகுநேரம் கழித்து முதல் பட்டியலை மீண்டும் கேட்டார்கள். முதல் சுற்றில் சொற்ப வார்த்தைகளே வந்தன, ஐந்தாவது சுற்றில் ஏறக்குறைய எல்லாம் வந்தன, நேரம் கழித்துக் கேட்டபோதும் அவை அப்படியே இருந்தன.

இந்த இரண்டையும் வைத்து அவர் கொடுத்த விளக்கம் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. உள்ளே போன விஷயம் அழியவில்லை; முதல் தடவையில் உள்ளே வாங்குவதும், வாங்கும் வேகமும்தான் குறைந்திருக்கின்றன. எனக்கு வந்திருப்பது என் அம்மாயிக்கு, அதாவது அம்மாவைப் பெற்றவருக்கு, கடைசிக் காலத்தில் வந்த மறதியைப் போன்றதுதானோ என்ற பயத்தை நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அந்த வகையில் சாதாரணமாக நேரம் கழித்துக் கேட்கும்போது சொற்கள் மறைந்து போகும், உங்களுக்கு அப்படி நடக்கவில்லை என்று தாளைக் காட்டியே அவர் சொன்னார்.

ஆனால் எழுத்தில் கொடுத்த அறிக்கையின் முடிவு வரியில், பெரும்பாலான திறன்கள் இயல்பு வரம்புக்குள் இருப்பதாகத்தான் இருந்தது. இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை இங்கே இருக்கிறது. அது இந்த மருத்துவமனைக்கு மட்டும் உரியதும் இல்லை. என் வயதில் என் அளவு படித்த பெண்களின் சராசரியோடு என்னை ஒப்பிடுகிறார்கள். கீமோவுக்கு முன் நான் அந்தச் சராசரிக்கு வெகு மேலே இருந்திருந்தால், அங்கிருந்து சராசரிக்கு இறங்கியது அறிக்கையில் இழப்பாகவே தெரியாது. நோயாளி சொல்லும் சிரமமும் சோதனை மதிப்பெண்ணும் பல ஆய்வுகளில் ஒத்துப் போகாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று சைக்காலஜிஸ்டே ஒப்புக்கொண்டார். முதல் கீமோவுக்கு முன்பே இதே சோதனையை ஒருமுறை செய்து வைத்திருந்தால் என்னை என்னோடேயே ஒப்பிட்டிருக்கலாம். இதயத்தைப் பாதிக்கும் என்பதால் அட்ரியாமைசினுக்கு முன் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்து வைக்கிறார்கள். ரத்தம், கல்லீரல், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் தொடக்க அளவு இருக்கிறது. யோசிக்கும் திறனை வைத்தே பிழைக்கிறவர்களுக்கு அதற்கும் ஒரு தொடக்க அளவு வேண்டாமா? இந்தப் பிரிவில் கேட்டால் கீமோவுக்கு முன்பும் செய்து தருகிறார்கள். ஆனால் அதே மருத்துவமனையின் கீமோ வார்டில் இதைச் சொல்லி அனுப்புவார் யாரும் இல்லை. ஒரு மாடிக்கும் அடுத்த மாடிக்கும் இடையே இந்தத் தகவல் போய்ச் சேரவில்லை.

பயிற்சி நன்றாக அமைந்திருந்தது. வாரம் ஒருமுறை நேரிலோ வீடியோ அழைப்பிலோ பேசுகிறார்கள். மற்ற நாள்களில் வேலை இடத்திலேயே செய்து பார்க்க வேண்டும். சலானைப் பார்த்தவுடன் லாட் நம்பரின் கடைசி நான்கு எண்களை உதடு அசையச் சொல்லிக்கொண்டே டைப் செய்வது, ரோலும் கிலோவும் அடுத்த பார்வைக்கு என்று பிரித்துக்கொள்வது முதல் வேலையாக இருந்தது. சம்பளப் பட்டியலில் ஸ்கேலை வரியின் கீழே வைத்தே கணக்குப் போடுவது, யாராவது கூப்பிட்டால் தலையை நிமிர்த்தும் முன் அந்த வரியில் ஒரு புள்ளி வைப்பது என்பது இரண்டாவது. முன்பணம் கேட்பவர்கள் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு வரும்படி மேனேஜரிடம் பேசி மாற்றிக்கொண்டேன்; இதைக் கேட்கக் கூச்சமாக இருந்தபோது, கம்பெனிக்குக் கொடுக்கும்படி ஒரு கடிதத்தையும் பிரிவிலேயே தயார் செய்து தந்தார்கள். கடினமான பில்களைக் காலையிலும் கோப்பு அடுக்கும் வேலையை மாலையிலும் வைத்துக்கொண்டேன். உடற்பயிற்சியையும் மருந்துச் சீட்டு போலவே எழுதிக் கொடுத்தார்கள். விடிகாலையில் அவிநாசியப்பர் கோயில் தேர்வீதியில் நடக்கிறேன், தூக்கம் சீரானதில் அதன் பங்கு பெரிது.

கம்ப்யூட்டரில் செய்யும் மூளைப் பயிற்சியும் தொகுப்பில் உண்டு. திரையில் ஒரு நொடி தோன்றி மறையும் படங்களின் இடத்தைச் சொல்வது, இரண்டு ஒலிகளில் எது மேலே ஏறுகிறது என்று கண்டுபிடிப்பது போன்றவை. சிட்னி பல்கலைக்கழகக் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், கீமோ முடித்த 242 பேரில் ஒரு பாதியினருக்கு 15 வாரம் வீட்டிலிருந்தே இத்தகைய பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் தங்கள் சிரமம் குறைந்ததாக உணர்ந்தார்கள், ஆனால் சோதனை மதிப்பெண்களில் இரு பிரிவினருக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. என் அனுபவமும் அதை ஒட்டியே இருந்தது. பயிற்சித் திரை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்ததால் என்னோடு வந்த, ஐந்தாம் வகுப்போடு நிறுத்திய ஒரு பெரியம்மாவுக்கு அது சுமையாகவே முடிந்தது. கடைகளிலும் கைபேசியிலும் விளம்பரமாகும் மூளைப் பயிற்சி ஆப்களுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. லுமோசிட்டி என்ற பிரபலமான ஆப்பின் நிறுவனம், ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் வைத்த குற்றச்சாட்டில் 2016இல் 20 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டதை நினைவில் வைக்கலாம்.

மாத்திரையோ டானிக்கோ இவர்கள் விற்கவில்லை. இந்த மறதியைத் தீர்ப்பதற்கென்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்று இல்லை என்பதை நேராகவே சொன்னார்கள். எங்கள் வீட்டில் வல்லாரை லேகியம் வாங்கி வைத்திருந்தார்கள். டமாக்சிஃபென் சாப்பிடுகிற காலத்தில் எந்த லேகியத்தையும் ஆன்காலஜி டாக்டரிடம் கேட்காமல் சேர்க்க வேண்டாம் என்றார்கள். கீரையாகச் சமைத்துச் சாப்பிடுவதற்குத் தடை சொல்லவில்லை.

வீட்டு ஆள் ஒருவரோடு வரச் சொல்லி ஒரு சந்திப்பு வைக்கிறார்கள். இதை யாரும் தவிர்க்க வேண்டாம். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஆனாலும் "ஏனம்மிணி, இப்பத்தான சொன்னேன்" என்பது அவர் வாயில் ஒரு நாளைக்குப் பலமுறை வந்துகொண்டிருந்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபமும், கோபத்தில் அடுத்த விஷயமும் மறந்து போவதும் வழக்கமாகியிருந்தது. சைக்காலஜிஸ்ட் அவரைக் குறை சொல்லவில்லை. என் சொற்பட்டியல் தாளை அவரிடமே கொடுத்து, முதல் சுற்றில் வந்த எண்ணிக்கையையும் ஐந்தாவது சுற்றில் வந்ததையும் பார்க்கச் சொன்னார். அவர் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப ரெண்டு மூணு தடவை சொல்லோணுமுங்க, அவ்வளவுதானுங்களே" என்றார். டிவியை நிறுத்திவிட்டு முகத்தைப் பார்த்து ஒரு நேரத்தில் ஒரு விஷயம் சொல்வது இப்போது எங்கள் வீட்டில் என் மாமியார் வரை பழகிவிட்டது.

சிறு குறைகளையும் சொல்ல வேண்டும். சோதனை அறை டோக்கன் கூப்பிடும் நடைபாதையை ஒட்டி இருக்கிறது. கவனத்தை அளக்கும்போது வெளியே பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்பது முறையில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை மட்டுமே நடப்பதால் தினக்கூலிக்காரர்களுக்கு ஒரு நாள் கூலி போகிறது. அறிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே கிடைக்கிறது; வாய்மொழியாகத் தமிழில் பொறுமையாக விளக்கினாலும், மறதிக்காக வந்தவரிடம் விளக்கத்தை வாயால் மட்டும் சொல்லி அனுப்புவது பாதி வேலைதான். கட்டணம் என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக ஆனது. என் காப்பீட்டில் அது வரவில்லை. வீடியோ சந்திப்புகளுக்குக் கட்டணம் குறைவு என்பதாலும் பஸ் அலைச்சல் இல்லை என்பதாலும், மதிப்பீட்டை மட்டும் நேரில் முடித்துவிட்டு மற்றதை வீட்டிலிருந்து செய்வது வெளியூர்க்காரர்களுக்கு நல்லது.

மறுமதிப்பீட்டில் வேகம் கணிசமாகத் திரும்பியிருந்தது, சொற்களின் முதல் சுற்று சற்றே கூடியிருந்தது. நாள்பட நாள்பட இந்தத் திறன்கள் பலருக்குத் தாமாகவே மீள்வதும் உண்டு என்பதால், முழுப் பெருமையையும் பயிற்சிக்குக் கொடுக்க முடியாது என்று அவர்களே சொன்னார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. இன்று லாட் நம்பரும் கிலோவும் ஒன்றாக நிற்கின்றன. மாலை ஐந்து மணிக்கு மேல் இன்னும் தடுமாற்றம் உண்டு. அந்த நேரத்தில் பணம் சம்பந்தப்பட்ட எதையும் நான் கையில் எடுப்பதில்லை.

போகிறவர்கள் கீமோ கோப்பையும், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், படிக்கும் கண்ணாடியையும் எடுத்துச் செல்லுங்கள். முந்தின இரவு நன்றாகத் தூங்கிவிட்டு, காலை உணவை முடித்துக்கொண்டு போங்கள். திடீரென்று ஏற்படும் குழப்பம், விடாத தலைவலி, வலிப்பு, பேச்சுக் குளறல், ஒரு பக்கம் பலம் குறைவது ஆகியவை இந்தப் பிரிவுக்குரியவை அல்ல. அவற்றுக்கு உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய், ஆன்காலஜி டாக்டருக்கும் தகவல் சொல்ல வேண்டும். இன்னும் கீமோ தொடங்காதவர்கள் முதல் டிரிப்புக்குத் தேதி வாங்கும் அன்றே, அதற்கு முன் ஒருமுறை சோதனை செய்து வைக்க வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். அதன் பிரதியைக் கோப்பில் எக்கோ அறிக்கையோடு சேர்த்து வையுங்கள்.